கை பட்ட தடம் தெரியாத மைதானங்கள்

1946-இல் பிரிட்டிஷ் ஓபன் ஆடுவதற்காக ஸ்காட்லாந்து வந்தார் அமெரிக்கரான சாம் ஸ்னீட். ரயில் ஜன்னலுக்கு வெளியே செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானம் தெரிந்தபோது, யாரோ கைவிட்டுப்போன கோல்ஃப் திடல் என்றே நினைத்தார். அதை வாய்விட்டும் சொல்லிவிட்டார். உடன் வந்த ஸ்காட்லாந்துக்காரருக்குக் கோபம் வந்ததாம். அந்த வாரம் அதே திடலில் கோப்பையை வென்றவர் ஸ்னீட்தான்.

அவர் கண்ணைக் குறை சொல்வதற்கில்லை. கண்ணுக்கு விருந்தாக அங்கே எதுவும் கிடையாது. மணல்மேடு, குட்டைப்புல், முட்புதர், ஓயாத காற்று. உழவுக்கு உதவாத இந்தக் கரைநிலத்தை அங்கே 'லிங்க்ஸ்' என்பார்கள். குளிருக்கு ஒதுங்கிய ஆடுகள் தேய்த்துத் தேய்த்தே மணற்பள்ளங்கள் உண்டாயின என்பது வழிவழியாக வரும் பேச்சு. பழைய மைதானத்தின் முதல் வடிவமைப்பாளர் என்று ஒருவரையும் சுட்ட முடியாது. 1764-இல் 22 குழிகள் 18 ஆயின. பிறகு வந்தவர்கள் இருந்ததைத் திருத்தி அமைத்தார்கள்.

கடற்கரையை விட்டு ஆட்டம் உள்நாட்டுக்கு வந்ததும் சிக்கல் தொடங்கியது. மணல்மேடு இல்லாத இடத்தில் மேட்டைக் கட்டத்தானே வேண்டும்? விக்டோரியா காலத்தில் பலர் அதைக் கோட்டைச் சுவர் போல, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரிக் கட்டினார்கள்.

மாற்று வழி காட்டியவர்களில் ஒருவர் மருத்துவர். அலிஸ்டர் மெக்கன்சி தென்னாப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷ் படையோடு இருந்தபோது, போயர்கள் பதுங்குகுழிகளைத் தரையோடு தரையாக மறைத்த திறமையைக் கவனித்தார். அதே வித்தையை மைதானத்துக்குக் கொண்டுவந்தார். மனிதன் செய்த மேடு பக்கத்து மேட்டிலிருந்து வேறாகத் தெரியக் கூடாது என்பது அவர் கொள்கை. 1920-இல் நூலாகவும் எழுதினார். எதிரியை ஏமாற்றப் பிறந்த கலை ஆட்டக்காரரின் கண்ணை ஏமாற்றப் பயன்பட்டது வேடிக்கைதான்.

அவரோடு சேர்ந்து அகஸ்டா மைதானத்தை அமைத்த பாபி ஜோன்ஸின் கதையும் ஸ்னீடின் கதைக்குச் சொந்தம்தான். 1921-இல் பழைய மைதானத்தில் ஒரு மணற்பள்ளத்தில் சிக்கி, ஆட்டத்தையே பாதியில் விட்டவர் அவர். பிறகு அதன் மேல் தீராத பிரியம் கொண்டார். 1927-இல் அங்கேயே வென்றார். பழைய மைதானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மணற்பள்ளங்கள். அதை நெஞ்சில் வைத்துக் கட்டிய அகஸ்டாவிலோ, தொடக்கத்தில் முப்பதுக்கும் குறைவு. நிலத்தின் சரிவே போதும் என்று விட்டிருந்தார்கள். அங்கே முதல் மாஸ்டர்ஸ் போட்டி 1934 மார்ச்சில் நடந்தது. மெக்கன்சி ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புல்டோசர் மலிந்தது. எந்த நிலத்தையும் எந்த வடிவத்துக்கும் வளைக்கலாம் என்றானது. 1980-இல் திறந்த சாக்ராஸ் மைதானத்தில், தண்ணீர் நடுவே தீவாக நிற்கும் 17ஆம் குழி அக்காலத்தின் முத்திரை. நல்ல நாடகம், ஆனால் நிலம் அதில் வெறும் மேடைப் பலகை.

திருப்பம் 1995-இல் நெப்ராஸ்காவில் வந்தது. சாண்ட் ஹில்ஸ் என்ற மணற்குன்று நிலத்தில் பில் கூரும் பென் கிரென்ஷாவும் நடந்து நடந்தே நூற்றுக்கும் மேற்பட்ட குழிகளைக் 'கண்டுபிடித்து', அவற்றில் 18-ஐத் தேர்ந்தார்கள். மண்ணை நகர்த்தியது மிகக் குறைவு.

இதே இருவர் வட கரோலினாவில் டொனால்ட் ராஸ் அமைத்த பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் 2010-இல் தொடங்கியது இன்னும் துணிச்சலான வேலை. காலப்போக்கில் அது பச்சைக் கம்பளமாக மாறியிருந்தது. 1943-இல் எடுத்த வான்வழிப் படங்களை வைத்துக்கொண்டு சுமார் 35 ஏக்கர் புல்லைப் பெயர்த்தெடுத்தார்கள். மணலும் காட்டுப்புல்லும் திரும்பின. சுமார் 1,150 நீர்த்தெளிப்பான்கள் 450 ஆயின. 2014 அமெரிக்க ஓபனை டிவியில் பார்த்த சிலர், திடல் காய்ந்துகிடக்கிறதே என்று முகம் சுளித்தார்கள். ஸ்னீடின் அதே கண்!

2024-இல் அமெரிக்க ஓபன் அங்கே திரும்பியது. கடைசிக் குழியில் பிரைசன் டிஷாம்போவின் முதல் அடி அந்தக் காட்டு மணலில் போய் விழுந்தது, இரண்டாவது மணற்பள்ளத்தில். அங்கிருந்து 55 கெஜம் அடித்து, குழிக்கு நான்கு அடி அருகே பந்தை நிறுத்திக் கோப்பையை வென்றார்.