அறிவிப்பாளர் யார்?

கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சிச் சீமை 2022 ஜூலையில் கசப்பான பாடமொன்றைக் கற்றது. சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்ததையொட்டி, வாட்ஸ்அப் குழுக்களின் வழியே அழைப்புகளும் வதந்திகளும் பரவின. 17-ஆம் நாள் கலவரம் மூண்டது, பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. ஒரு தாயின் துயரம் உண்மை. ஆயினும் கைமாறி வந்த செய்திகளை முதலில் சொன்னவர் யாரென எத்தனை பேர் கேட்டிருப்பர்?

அக்கேள்வியின்மீதே ஒரு கலையை எழுப்பிய சமுதாயம் நாம். ஹிஜ்ரி 256-இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்னும் இஸ்னாதை ஆராய்ந்தே நபிமொழிகளைத் தொகுத்தார்கள். கேட்டதனைத்தையும் ஆராயாது பரப்புவதைக் கண்டிக்கும் நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் நூலின் முன்னுரையிலேயே வைத்தார்கள். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு பணிக்கிறது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம்.

அச்சுக்காலத்திலும் சொன்னவர் மறைந்திருக்கவில்லை. 1882-இல் கண்டியில் ‘முஸ்லிம் நேசன்’ கண்ட சித்திலெப்பையும், ‘தாருல் இஸ்லாம்’ நடத்திய பா. தாவூத்ஷாவும் தத்தம் எழுத்துக்குப் பெயரோடு பொறுப்பேற்றவர்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களைப் பொறிக்க வேண்டுமென இந்தியாவில் 1867-ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தது.

1982-இல் தோன்றிய இந்திய இஸ்லாமிய மாணவர் அமைப்பு போன்றவை இன்று முகநூலிலும் யூடியூபிலும் மார்க்கம் பேசுகின்றன. மதரஸா இல்லாத ஊரிலிருக்கும் மாணவருக்கும் அச்சொல் எட்டுவது பெரும்பேறே. ஆனால் நூற்பெயரற்ற ‘நபிமொழி’களும், பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை வருமென்னும் துணுக்குகளும் அதே வழியில்தான் உலவுகின்றன.

2020-இல் தில்லி தப்லீக் மாநாட்டைக் காட்டி, நோய் பரப்புவோர் என நம்மைப் பழித்த பொய்களும் இவ்வாறே பரவின. அந்தக் காயத்தை அறிந்த நாமே ஆராயாத செய்தியைப் பரப்பலாமா?

வாட்ஸ்அப் நிறுவனம் 2018-இல், ஒரே செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறு இந்தியாவில் வரம்பிட்டது. அது எண்ணிக்கைக்கு இட்ட வேலி. நம் இமாம்கள் இட்டதோ உண்மைக்கான வேலி.

மாணவச் செல்வங்களே! நபிமொழியை அனுப்புமுன் நூலின் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். ஐயமெனில் ஆலிமிடம் கேளுங்கள். தெளிவு பிறக்காவிடில், அனுப்பாதிருப்பதும் மார்க்கத் தொண்டே.