குவாதலூப்: தமிழ்ப் பயணிகள் பார்க்க வேண்டிய இடங்கள்

குவாதலூப் கரீபியக் கடலின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஒரு தீவுக்கூட்டம். பரப்பளவு ஏறத்தாழ 1,630 சதுர கிலோமீட்டர். 1946 முதல் பிரான்சின் கடல்கடந்த மாவட்டமாக இருக்கிறது. நாணயம் யூரோ, ஆட்சிமொழி பிரெஞ்சு, வீட்டிலும் வீதியிலும் புழங்குவது கிரியோல். தலைமைத் தீவு இரண்டு சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் இருக்கும். மேற்குச் சிறகான பாஸ்-தேர் எரிமலையும் மழைக்காடும் நிறைந்தது. கிழக்குச் சிறகான கிராந்த்-தேர் சுண்ணாம்புப் பாறைமீது அமைந்த கரும்புச் சமவெளி. சாலே ஆறு என்னும் குறுகிய உப்புநீர்க் கால்வாய் இரண்டையும் பிரிக்கிறது.

கரீபியன் என்றதும் விளம்பரங்கள் காட்டுவது வெண்மணலும் தென்னையும்தான். திருப்பூர், பெருமாநல்லூர் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் போகிறவர்கள் மணலுக்காக மட்டும் போக வேண்டியதில்லை. அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்கள் நட்டுவைத்த மாரியம்மன் இன்றும் அங்கே பூசை பெறுகிறாள். ஆகவே இக்கட்டுரை கடற்கரைகளைச் சுருக்கமாகவும் தமிழர் தடங்களை விரிவாகவும் சொல்கிறது.

தமிழர் வந்த கதை

பிரான்சு தன் குடியேற்றங்களில் 1848 ஏப்ரல் 27 அன்று அடிமைமுறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களில் பலர் தோட்டங்களை விட்டு வெளியேறவே, கரும்பு முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடினார்கள். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக் தீவை அடைந்தது. அதே கப்பல் 1854 டிசம்பர் இறுதியில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பித்ர் துறையில் இறக்கியது. 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலும் ஆள்பிடிக்க வழி திறந்தது. கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் சென்றன. 1880-களின் இறுதியில் வரத்து நிற்கும் வரை குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேரும், மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. முடிந்தால் இலவசமாக ஊர் திரும்பலாம் என்பது வாக்குறுதி. குவாதலூப்புக்குப் போனவர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களே திரும்பினார்கள். நோயும் பட்டினியும் அடியும் மிகப் பலரை அந்த மண்ணிலேயே புதைத்தன. எஞ்சியவர்களின் வழிவந்தவர்கள் இன்று தீவின் மக்கள்தொகையில் ஒரு பெரும் பிரிவினர். முத்துசாமி, சிதம்பரம், நாராயணசாமி போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. தமிழ் பேச்சுமொழியாக நீடிக்கவில்லை. பூசைப் பாடல்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாக மனப்பாடத்தில் வந்துள்ளன.

புவாந்த்-ஆ-பித்ர்

தீவின் பெரிய நகரப் பகுதி இதுதான். விமான நிலையமும் அருகிலேயே உள்ளது. பழைய துறைமுகக் குடாவான 'தார்ஸ்' ஓரத்தில் இந்தியர் வருகையை நினைவுகூரும் சின்னம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டுக் கரையோரச் சந்தைக்குள் நுழைந்தால் மஞ்சள், சீரகம், கொத்தமல்லி மணம் வரும். அங்கே பொட்டலம் பொட்டலமாக விற்பது 'கொலொம்போ' என்னும் மசாலாப் பொடி. மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு சேர்த்து அரைத்தது. ஆட்டுக்கறியும் கோழியும் இந்தப் பொடியில் வேகும். இன்று இது இந்திய வம்சாவளியினரின் சமையல் மட்டும் அல்ல, தீவு முழுவதற்குமான விருந்துச் சமையல்.

சந்தையில் திருப்பூர்க்காரர்களின் கை முதலில் நீள்வது துணியிடமாகத்தான் இருக்கும். கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு அங்கே பெயர் 'மத்ராஸ்'. சாயமேற்றிய நூலைப் பாவும் ஊடையுமாகக் கோத்துக் கட்டம் எழுப்பும் கைத்தறி நெசவு அது. சோழமண்டலக் கரையில், குறிப்பாகப் பழவேற்காடு வட்டாரத்தில் நெய்யப்பட்ட கைக்குட்டைத் துணிகள் ஐரோப்பிய வணிகர்கள் வழியாக 18-ஆம் நூற்றாண்டிலேயே இத்தீவுகளுக்குப் போய்விட்டன. அதாவது, தமிழ்த் தொழிலாளர்களுக்கு முன்பே தமிழ்நாட்டுத் துணி அங்கே கரையேறியிருந்தது. குவாதலூப், மார்த்தினிக், டொமினிக்கா, செயின்ட் லூசியா ஆகிய தீவுகளில் பெண்களின் மரபுடை இந்தத் துணியால் ஆனது. தலைப்பாகையில் நீட்டிவிடும் முனைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அவள் மணமானவளா, இல்லையா என்று அறியலாம் என்பார்கள். பின்னலாடை ஏற்றுமதியில் பெயர்பெற்ற ஒரு வட்டாரத்தினர் இந்த ஏற்றுமதியையும் தங்கள் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

துறைமுகக் கரையில் 2015-இல் திறக்கப்பட்ட 'மெமோரியால் ஆக்த்' அடிமைமுறையின் வரலாற்றைச் சொல்லும் பெரிய அருங்காட்சியகம். முன்பு தார்பூசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் இது எழுப்பப்பட்டிருக்கிறது. இந்தியர்களின் கதையை மட்டும் தேடி வருபவர்கள் இதைத் தவிர்த்துவிடக் கூடாது. ஆப்பிரிக்கர்கள் கட்டாயத்தின் பேரில் செய்த அதே வேலைக்குத்தான் தமிழர்களும் அழைத்துவரப்பட்டார்கள். முதலாவதை அறியாமல் இரண்டாவது விளங்காது.

காப்பெஸ்தேர்-பெல்-ஓ

பாஸ்-தேர் சிறகின் கிழக்குக் கரையில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர். குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினர் அடர்த்தியாக வாழும் இடங்களில் ஒன்று.

ஊரை ஒட்டிய நெடுஞ்சாலை ஓரத்தில் ஷாஞ்சி கோயில் இருக்கிறது. கோபுரமும் வண்ணச் சுதைச் சிற்பங்களும் கொண்ட மாரியம்மன் கோயில். ஆதியில் இத்தகைய கோயில்கள் கரும்புத் தோட்டத்துக்குள் தகரமும் மரமும் வைத்துக் கட்டிய சிறு குடில்களாகவே இருந்தன. 'கூலிகளின் சாமி' என்று மற்றவர்கள் ஏளனம் செய்த காலத்தில் வழிபாடு பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. பலர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் போனார்கள், அம்மனுக்கும் வேண்டிக்கொண்டார்கள். நெடுஞ்சாலையில் போகிற எல்லோருக்கும் தெரியும்படி ஷாஞ்சியில் கோபுரம் எழுந்து நிற்பதன் பொருளை இந்தப் பின்னணியில்தான் உணர முடியும்.

மாரியம்மன் அங்கே 'மாலியெமன்'. மதுரைவீரன் 'மால்தெவிலேன்'. பூசை செய்பவர் 'பூசாலி'. தப்பும் மத்தளமும் முழங்க, தமிழ்ப் பாட்டுப் பாடி, நேர்ந்துவிட்ட கிடாயையும் சேவலையும் பலியிட்டு, வாழையிலையில் எல்லோருக்கும் சோறு போடுவார்கள். பூசாரிக்கு அருள் வந்து வெட்டுக்கத்தியின் கூர்மீது ஏறி நிற்கும் வழக்கம் மார்த்தினிக்கில் புகழ்பெற்றது. இச்சடங்குகளில் இஸ்லாமியப் பெரியாரான நாகூர் மீரானுக்கும் இடம் உண்டு. அவருக்கென்று கொடிமரம் நட்டு வணங்குவார்கள். கடல் கடந்தவர்களுக்கு அவர் காவல் என்ற நம்பிக்கை நாகையிலிருந்து போனது. ஆண்டுதோறும் பங்குனியில் பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் குண்டம் இறங்குபவர்களுக்கும் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் அந்த வேண்டுதலும் நேர்த்திக்கடனும் புதிதாகத் தோன்றாது. சிதைந்திருப்பது சொல்தான், வழிபாட்டின் ஒழுங்கு குலையவில்லை.

கோயில் சுற்றுலாப் பொருள் அல்ல. செருப்பை வெளியே விட்டு, கோயிலாரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். பூசை நடக்கும்போது அனுமதியின்றிப் படம் எடுப்பதும், 'இப்படிச் செய்யக்கூடாது, எங்கள் ஊரில் வேறு மாதிரி' என்று திருத்தப் பார்ப்பதும் தவறு. தமிழ் தெரிந்தவர் என்றால் பெரியவர்கள் தாங்கள் மனப்பாடம் செய்த பாடலின் பொருளைக் கேட்கக்கூடும். தெரிந்ததைப் பொறுமையாகச் சொன்னால் அதுவே பெரிய உதவி. வாய்ப்பிருந்தால் 'நாத்ரோன்' எப்போது நடக்கும் என்று விசாரிக்கலாம். நம் தெருக்கூத்தின் வழிவந்த இரவு நாடகம் அது. இப்போது அரிதாகிவிட்டது.

இவ்வூரில் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம் (1863–1952). தீவில் பிறந்த இந்தியர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்க அரசு மறுத்தபோது, 1904-இல் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரி வழக்காடினார். இழுபறிக்குப் பிறகு 1923-இல்தான் அவ்வுரிமை உறுதியாயிற்று. அவர் சிலை ஊரில் உள்ளது. குவாதலூப் தமிழர்களின் வரலாற்றில் ஒரே ஒரு பெயரை நினைவில் வைப்பதானால் அது இவர் பெயர்தான்.

ஊரை அடுத்துள்ள துய்மனுவார் நிழற்சாலையின் இருபுறமும் அரசப்பனைகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே மலைப்பக்கம் போனால் கார்பே அருவிகள். மூன்று அருவிகளில் முதலாவது 115 மீட்டர், இரண்டாவது 110 மீட்டர், மூன்றாவது 20 மீட்டர் உயரம். 1493-இல் கொலம்பசின் கப்பல்களிலிருந்தே இவை தெரிந்தன. எளிதில் நடந்து சென்று பார்க்கக்கூடியது இரண்டாவது அருவி. மழைக்குப் பின் பாதைகளை மூடிவிடுவது உண்டு. கிளம்பும் முன் விசாரிக்க வேண்டும்.

இந்த அழகுக்கு அடியில் ஒரு துயரமும் கிடக்கிறது. வாழையைத் தாக்கும் வண்டைக் கொல்ல 1972 முதல் 1993 வரை தெளித்த குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்து மண்ணிலும் ஆற்றிலும் இன்னும் தங்கியிருக்கிறது. பல ஆறுகளிலும் கரையோரப் பகுதிகளிலும் மீன்பிடிக்கத் தடை உண்டு. சாயக்கழிவு கெடுத்த நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எரிமலையும் கடற்கரைகளும்

லா சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர் உயரம். சிறிய அந்தில் தீவுகளிலேயே உயர்ந்த சிகரம். 1976-இல் அது குமுறியபோது 70,000-க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். இப்போதும் கந்தக ஆவி வருவதால் உச்சியின் சில பகுதிகளுக்கு அனுமதி இல்லை. விடியலில் ஏறினால் மேகம் மூடுவதற்கு முன் கடல் வரை பார்க்கலாம்.

நீச்சலுக்குக் கிராந்த்-தேரின் சேன்-ஆன் கடற்கரை. அகன்ற மணலுக்கு வடமேற்கில் தெஷே ஊரின் கிராந்த்-ஆன்ஸ். பவளப்பாறையும் மீனும் காண மாலாந்தூருக்கு எதிரே உள்ள பிஜன் குட்டித்தீவுகள். கிழக்கு முனையான புவாந்த்-தே-ஷாத்தோவில் பாறைகளின் மேல் அலை மோதும் காட்சி உண்டு. படகில் லே சேந்த் தீவுகளுக்கும், கரும்புக்கும் ரம்முக்கும் பெயர்பெற்ற மாரி-காலாந்துக்கும் போய்வரலாம். லெ மூல் ஊரில் உள்ள கார்தெல், தலைமைத் தீவில் இன்னமும் கரும்பு அரைக்கும் ஒரே சர்க்கரை ஆலை.

மார்த்தினிக்

கூடுதலாகச் சில நாள் இருந்தால் படகிலோ விமானத்திலோ தெற்கே மார்த்தினிக் போகலாம். 'ஒரேலி' முதலில் ஆளிறக்கிய சேன்-பியேர் அன்று 'கரீபியனின் பாரிஸ்' எனப் பெயர்பெற்ற நகரம். 1902 மே 8 காலையில் பெலே எரிமலை வெடித்துச் சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேரைக் கொன்றது. இடிந்த நாடகக் கொட்டகையின் படிகளும் சிறைச்சாலை அறையும் இன்றும் உள்ளன. பெலே மலையும் வடக்குச் சிகரங்களின் காடுகளும் 2023-இல் உலக மரபுச் சின்னமாயின. வடக்கே பாஸ்-புவாந்த் வட்டாரத்தில் பழைய தோட்டக் கோயில்கள் உண்டு. கவிஞர் எமே செசேர் 1913-இல் பிறந்ததும் அவ்வூரில்தான்.

போகும் முன்

டிசம்பர் முதல் மே வரை வறண்ட பருவம். அதுவே ஏற்ற காலம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் அபாயம் உண்டு. கோவையிலிருந்து பாரிஸ் வழியாகப் போக வேண்டியிருக்கும். பாரிசிலிருந்து விமானப் பயணம் எட்டு மணி நேரத்துக்கு மேல். நம் கடிகாரம் அங்குள்ளதைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னே ஓடும். குவாதலூப்பும் மார்த்தினிக்கும் பிரான்சின் பகுதிகளே ஆனாலும் செங்கன் எல்லைக்குள் அடங்கவில்லை. ஐரோப்பா போய்வர எடுத்த செங்கன் விசா மட்டும் போதாது. பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்குச் செல்லும் என்ற குறிப்புள்ள விசா வேண்டும். ஐரோப்பியக் கண்காட்சிகளுக்கு அடிக்கடி போகும் பின்னலாடைத் தொழில்முனைவோர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஊர்களுக்கிடையே பேருந்து குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. வாடகைக் கார் எடுத்துக்கொள்வது நல்லது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் காய்கறி போட்ட கொலொம்போவை முன்கூட்டியே சொல்லிச் சமைக்கச் சொல்லலாம்.

கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் கடற்கரையை விட்டுவிடுங்கள். காலையில் ஷாஞ்சி கோயில், பிறகு சிதம்பரம் சிலை, மாலைக்குள் கார்பே அருவி என்று அந்த நாள் முழுவதையும் காப்பெஸ்தேருக்கே கொடுங்கள்.