அஸ்ஸஹ்ராவி மறுத்த அறுவை

மதீனாவின் ஏழு ஃபுகஹாக்களுள் ஒருவரான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் கலீபா வலீதைக் காணத் திமிஷ்குக்குச் சென்றபோது காலில் ‘ஆகிலா’ கண்டதையும், மயக்கம் தரும் பானத்தை மறுத்துக் காலை அறுக்கக் கொடுத்ததையும் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர்களின் பொறுமை பேசப்படும் அளவுக்கு அந்நோய் பேசப்படுவதில்லை. தின்று கொண்டே செல்வது என்பது ஆகிலாவின் பொருள். காரணம் எதுவாயினும், உறுப்பு அழுகி மேலேறினால் அதுவே பெயர். முதியோர் காலில் இவ்வழுகல் தோன்றுவதற்கு, தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து குருதி தடைபடுவது முதன்மையான காரணங்களுள் ஒன்று என இன்று அறிவோம்.

அந்தலுஸின் அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, ‘அத்தஸ்ரீப்’ நூலின் முப்பதாம் பகுதியில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறார். அம்மனிதரின் கால்விரல் கறுத்து, நெருப்பாய் எரிந்து, அழுகல் பாதம் முழுதும் பரவியது. அவர் தாமே பாதத்தை மூட்டோடு வெட்டிக்கொண்டு பிழைத்தார். நெடுநாளுக்குப் பின் கைவிரலில் அதே நோய் தோன்றியது. அஸ்ஸஹ்ராவியின் மருந்துகள் பயனளிக்கவில்லை. கையை அறுக்குமாறு நோயாளி வேண்டினார். அவருடைய வலிமை குன்றியிருந்ததால் அறுவையிலேயே உயிர் போய்விடும் என அஞ்சி அஸ்ஸஹ்ராவி மறுத்தார். நோயாளியோ ஊர் திரும்பிக் கையையும் வெட்டிக்கொண்டு நலமடைந்தார்! தம் கணிப்பு தவறியதை மறைக்காமல் எழுதிவைத்த அந்த நேர்மையை நாம் போற்றுகிறோம்.

இன்றைய அறுவை மருத்துவம் முழுதும் அத்தஸ்ரீபில் அடங்கும் என்போர் நம்மிடையே உண்டு. அது அந்நூலுக்குச் செய்யும் மரியாதை அன்று. குருதிப்பெருக்கை நிறுத்தத் தமனியைக் கட்டும் முறையை அவர் விளக்கினார். அடைப்பை நீக்கிக் காலைக் காக்கும் எண்ணம் அவர் காலத்தில் எழ இயலாது. குருதி உடலெங்கும் சுற்றி வருவதை ஹார்வி நிறுவியதே 1628இல்தான்.

1902இல் அலெக்சிஸ் காரெல் குருதிக்குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையை வெளியிட்டார். 1946இல் லிஸ்பனில் டோஸ் சாண்டோஸ் அடைப்பைச் சுரண்டி எடுத்தார். 1948இல் பாரிஸில் ஜான் குன்லின் நோயாளியின் சொந்தச் சிரையையே மாற்றுவழியாகத் தைத்தார். ஆயினும் தளர்ந்த இதயமுடைய முதியோர் நீண்ட அறுவையைத் தாங்குவாரா? அஸ்ஸஹ்ராவியின் அச்சம் அப்படியே நின்றது.

1964 ஜனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், கால் அழுகியும் அதை அறுக்க உடன்படாத 82 வயது மூதாட்டி ஒருவர் சார்லஸ் டாட்டரிடம் அனுப்பப்பட்டார். டாட்டர் கத்தி பிடிப்பவர் அல்லர், கதிர்ப்படவியல் வல்லுநர். தோலின் வழியே மெல்லிய குழாய்களைச் செலுத்தித் தொடைத் தமனியின் குறுகிய இடத்தை விரித்தார். பாதம் சூடேறியது, வலி நீங்கியது. அம்மூதாட்டி இறக்கும்வரை தம் கால்களாலேயே நடந்தார்.