'நான்தான் முதல்ல வந்தேன்!'... நடுரோட்டு சண்டையில் சட்டம் யார் பக்கம்? முதல் வழி யாருக்கு?

வேலூர் டவுனிலிருந்து தொரப்பாடி, பாகாயம் வழியாகக் கணியம்பாடி பக்கம் போகிற சாலையில், காலையும் மாலையும் எல்லா வகை வண்டிகளும் ஒன்றாக வந்து சேரும். காட்பாடி - பாகாயம் டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, காலேஜ் பஸ், நோயாளியை ஏற்றி வரும் கார், சந்திலிருந்து பாயும் பைக்... எல்லோருக்கும் அவசரம். கொஞ்சம் உரசினால் போதும், "கண்ணு தெரியலையா?", "நான்தான் முதல்ல வந்தேன்" என்று நடுரோட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனி ஷிப்ட் விடுகிற நேரத்திலும் இதே கதைதான்.

உண்மையில் முதல் வழி யாருக்கு? வாய்த்தகராறு கைகலப்பானால் என்ன வழக்கு வரும்? பார்க்கலாம்.

விதி எங்கே இருக்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், 2017-ம் ஆண்டு வாகனம் ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவரப்பட்டன. அதற்கு முன் 1989-ம் ஆண்டின் சாலை விதிகள் நடைமுறையில் இருந்தன. லைசென்ஸ் வாங்கும்போது 8 போட்டுக் காட்டுகிறோம், சிக்னல் படங்களை மனப்பாடம் செய்கிறோம். ஆனால் யார் யாருக்கு வழி விட வேண்டும் என்ற பகுதியைப் பலரும் படிப்பதே இல்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'உனக்கு உரிமை இருக்கிறது, புகுந்து போ' என்று இந்த விதிகள் யாருக்கும் சொல்வதில்லை. 'நீ வழி விட வேண்டும்' என்றுதான் பேசுகின்றன. எதிரில் இருப்பவர் வழி விடவில்லை என்றால், அவர் செய்வது தப்பு. அதற்காக மோதுகிற உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

யாருக்கு முதல் வழி?

* மெயின் ரோடு - சந்து: மெயின் ரோடாகக் குறிக்கப்பட்ட சாலைக்குள் நுழைபவர், அதில் ஏற்கனவே போய்க்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு வழி விட வேண்டும். தெருவிலிருந்து தலையை நீட்டிவிட்டு "நான் பாதி வந்துட்டேன்ல" என்பது செல்லாது.

* சிக்னலும் போலீஸும் இல்லாத சந்திப்பு: இரண்டும் சமமான சாலை என்றால், உங்கள் வலது பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். பெரிய வண்டி, சின்ன வண்டி என்ற கணக்கு இங்கே கிடையாது.

* ரவுண்டானா: உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதல் வழி. நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுவதால் ரவுண்டானாவில் கடிகார முள் திசையில் சுற்றுகிறோம். அப்போது உள்ளே இருப்பவர் உங்களுக்கு வலது பக்கத்திலிருந்துதான் வருவார். அதாவது, 'வலது பக்கத்துக்கு வழி' என்ற ஒரே விதியை நினைவில் வைத்தால் இரண்டு இடத்துக்கும் போதும். பிரிட்டனில் 1966-ல் இது கட்டாயமாக்கப்பட்டது. உள்ளே இருப்பவர் நின்று, வெளியே இருப்பவர் நுழைந்துகொண்டே இருந்தால் ரவுண்டானா மொத்தமும் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்த விதி.

* மலைப்பாதை: ஏலகிரி, ஜவ்வாது மலை போகிறவர்களுக்கு இது முக்கியம். இரண்டு வண்டி தாராளமாகப் போக இடமில்லாத ஏற்றத்தில், இறங்கி வருபவர் நின்று, ஏறி வருபவருக்கு வழி விட வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதுதான் காரணம்.

* ஓவர்டேக்: பின்னால் வருபவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டி அவரைத் தடுக்கக் கூடாது. "என்னையே முந்துறியா?" என்று ஆக்சிலரேட்டரை மிதிப்பது விதிமீறல்.

* நடந்து போகிறவர்: சிக்னல் இல்லாத வரிக்குதிரைக் கோட்டில் முதல் வழி நடந்து கடப்பவருக்கே.

ஹெட்லைட் அடித்தால் என்ன அர்த்தம்?

பாதி சண்டை இங்கேதான் தொடங்குகிறது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிப்புத்தகம், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே ஹெட்லைட்டை மின்னச் செய்யலாம் என்கிறது. நம்மூரிலோ, 'நான் வர்றேன், நீ நில்லு' என்பதற்கும் லைட், 'நீ போ' என்பதற்கும் லைட். ஒரே சைகைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் இரண்டு பேரும் தன் பக்கம்தான் நியாயம் என்று நினைப்பார்கள். லைட் அடித்துவிட்டதாலேயே வழி உங்களுடையதாகிவிடாது.

ஹாரனும் அப்படித்தான். தேவையில்லாமல் விடாமல் அடித்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம்.

ஆம்புலன்ஸ் வந்தால்?

அங்கே வாக்குவாதத்துக்கே இடமில்லை. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்கள் வந்தால் ஓரம் ஒதுங்கி வழி விட வேண்டும். விடாவிட்டால் 194இ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட அபராதப் பட்டியலிலும் இந்த 10,000 ரூபாய் இருக்கிறது. சைரனும் விளக்கும் போட்டு வரும் அவசர வாகனம், உரிய கவனத்துடன் சிவப்பு சிக்னலைக் கூடத் தாண்டலாம்.

கைகலப்பானால் என்ன வழக்கு?

'சாலை ஆத்திரம்' என்ற பெயரில் இந்தியாவில் தனிக் குற்றப் பிரிவு கிடையாது. ஆனால் நடக்கிற ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி:

* வண்டியைக் குறுக்கே நிறுத்தி மறித்தால் - பிரிவு 126(2): ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
* அடித்துக் காயப்படுத்தினால் - பிரிவு 115(2): ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
* ஆபத்தான ஆயுதத்தால் தாக்கினால் - பிரிவு 118(1): 3 ஆண்டு வரை சிறை.
* கொடுங்காயம் ஏற்படுத்தினால் - பிரிவு 117(2): 7 ஆண்டு வரை சிறை.
* பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினால் பிரிவு 296, மிரட்டினால் பிரிவு 351.

ஆத்திரத்தில் துரத்திப் போய் ஆபத்தாக ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவும் சேரும். முதலில் விதியை மீறியது எதிராளியாகவே இருக்கலாம். ஆனால் கை நீட்டிய அடுத்த நொடி, அடித்தவர்தான் குற்றம் சாட்டப்பட்டவர்.

34 ஆண்டு துரத்திய வழக்கு

இதற்கு நாடறிந்த உதாரணம், முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து. 1988 டிசம்பர் 27 அன்று பஞ்சாபின் பாட்டியாலாவில், நடுவில் நின்ற ஜிப்சி வண்டியை நகர்த்தி வழி விடச் சொன்னதில் தகராறு வந்ததாகச் சொன்னது போலீஸ் தரப்பு. அதில் தாக்கப்பட்ட 65 வயது முதியவர் உயிரிழந்தார்.

1999-ல் விசாரணை நீதிமன்றம் சித்துவை விடுவித்தது. 2006-ல் உயர் நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம், காயப்படுத்திய குற்றம் மட்டுமே என்று 1,000 ரூபாய் அபராதத்தோடு முடித்தது. ஆனால் மறுஆய்வில், 2022 மே 19 அன்று அதே நீதிமன்றம் ஓராண்டு கடுங்காவல் விதித்தது. உடல் வலிமை மிக்க ஒரு விளையாட்டு வீரரின் வெறும் கையே ஆயுதம் ஆகலாம் என்றது தீர்ப்பு. மறுநாளே சித்து சரணடைந்தார். வழி விடுவதில் தொடங்கிய சில நிமிடத் தகராறில் ஒரு உயிர் போனது. இன்னொருவரை வழக்கு 34 ஆண்டு துரத்தியது.

பாகாயம் சொல்லும் பாடம்

சிஎம்சி-யின் பாகாயம் வளாகத்தில் மறுவாழ்வு மையம் ஒன்று இருக்கிறது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் சக்கர நாற்காலியில் வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கப் பழகும் இடம். 1966-ல் அதைத் தொடங்கிய மருத்துவர் மேரி வர்கீஸே, 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். அது சண்டையால் வந்த விபத்து அல்ல. ஆனால் சாலையில் ஒரு நொடி தவறினால் எவ்வளவு காலம் அதைச் சுமக்க வேண்டியிருக்கும் என்பதற்கு அந்த மையமே சாட்சி.

தகராறு வந்தால் என்ன செய்யலாம்?

1. வண்டியை விட்டு இறங்கிச் சண்டைக்குப் போகாதீர்கள். கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டுங்கள்.
2. துரத்தினால் வீட்டுக்குப் போகாமல், ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போங்கள்.
3. உடனடி உதவிக்கு 112. யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.
4. வண்டி நம்பர், நேரம், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டேஷ்கேம் பதிவு இருந்தால் அழிக்காதீர்கள்.
5. விபத்தில் ஒருவர் காயமடைந்தால் அவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், போலீஸுக்குத் தகவல் சொல்வதும் ஓட்டுநரின் சட்டக் கடமை (பிரிவு 134). "அவன் மேலதான் தப்பு" என்று கிளம்பிவிட முடியாது.
6. புகார் கொடுத்தால் சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

தப்பு யார் மீது என்பதை நடுரோட்டில் நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. அதற்குப் போலீஸும் நீதிமன்றமும் இருக்கின்றன. அதுவரை, "சரி, நீங்க போங்க" என்று கை காட்டிவிட்டால் ஆகும் நஷ்டம் சில நொடிகள்தான்.