நவ்ஷேராவின் சிங்கம் பிரிகேடியர் முஹம்மது உஸ்மான்

1965 போரில் பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீதை நம்மில் பலரும் அறிவோம். அவருக்கு 17 ஆண்டுகள் முன்பே ஷஹீதான பிரிகேடியர் முஹம்மது உஸ்மானை நம் பிள்ளைகளுக்கு நாம் அதிகம் சொல்வதில்லை.

1912இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பீபிபூரில் பிறந்தவர். சாண்ட்ஹர்ஸ்டில் பயின்று பலூச் ரெஜிமெண்டில் அதிகாரியானார். பிரிவினையில் அந்த ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போனது; அழைப்பு வந்தும் உஸ்மான் போகவில்லை.

1947 டிசம்பரில் காஷ்மீரின் ஜாங்கர் பாகிஸ்தான் தரப்பிடம் வீழ்ந்தது. அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உறுதி பூண்டார். கடுங்குளிரிலும் தரையில்தான் தூக்கம். 1948 பிப்ரவரி 6 அன்று நவ்ஷேராவைத் தாக்கிய பெரும்படையை அவரது 50ஆவது பாராசூட் பிரிகேட் விரட்டியது. அவர் தலைக்கு 50,000 ரூபாய் விலை வைத்தார்கள். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை! மார்ச்சில் ஜாங்கர் மீண்டது. கட்டிலும் வந்தது.

அதே ஜாங்கரில் ஜூலை 3 அன்று பீரங்கிக் குண்டு விழுந்து உயிர்நீத்தார். 36 வயது நிரம்ப 12 நாள் இருந்தது. திருமணம் செய்துகொள்ளாதவர். மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. ஜனாஸாவில் பிரதமர் நேருவும் கலந்துகொண்டார்.

டெல்லி ஜாமிஆ மில்லியா அருகிலுள்ள அவரது கப்ரு 2020இல் சேதமுற்றுக் கிடந்தது. ராணுவம் அதைச் சீரமைத்தது.