மணிக்கட்டு நாடி: சத்தமில்லாமல் மூடிய கதவு

காய்ச்சல் எண்டு போனால் வைத்தியர் முதலில் பிடிச்சுப் பார்ப்பது மணிக்கட்டைத்தான். பெருவிரல் பக்கம் துடிக்கும் அந்த நாடியின் பெயர் ஆரை நாடி. இதயத்துக்குக் குழாய் செலுத்துவதற்கும் இன்று அதுதான் முக்கிய வாசல்.

முன்பு வாசல் தொடையில் இருந்தது. 1977இல் சூரிச்சில் கிருன்ட்சிக் முதன்முதலாகப் பலூனால் இதய நாடி அடைப்பை விரித்ததும் அந்த வழியால்தான். ஆனால் தொடையில் குருதிக்கசிவு ஆபத்து அதிகம். நோயாளி மணிக்கணக்கில் அசையாமல் படுக்கவும் வேணும். 1989இல் மொன்றியலில் லூசியன் கம்போ 100 பேருக்கு மணிக்கட்டு வழியாக அஞ்சியோகிராம் செய்ததை அறிவித்தார். 1992இல் அம்ஸ்ரடாமில் கீமனை அதே வழியால் அடைப்பையும் விரித்தார். கசிவு குறைஞ்சுது; ஆட்கள் எழும்பி நடந்தார்கள்.

ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலமான நாடிக்குள் குழாய் போய்வர உட்சுவர் காயப்படும். பிறகு கசிவை நிறுத்த இறுக்கி அமத்தும்போது ஓட்டம் நிற்கும், குருதி உறையும், நாடி அடைபடும். நோயாளிக்குப் பெரும்பாலும் ஒண்டும் தெரியாது. மற்றப் பக்கத்து அரந்தி நாடி உள்ளங்கைக்குக் குருதி கொடுத்துவிடும். நோவில்லை, முறைப்பாடில்லை; ஆகவே பலர் தேடிப் பார்க்கவும் இல்லை.

தேடிப் பார்த்த ஒரு குழு 1996இல் கணக்கை வெளியிட்டது. ஹெப்பரின் கொடுக்காதவர்களில் 71 வீதமானோருக்கு நாடி அடைபட்டிருந்தது. 2000 முதல் 3000 அலகு பெற்றவர்களில் 24 வீதம். 5000 அலகு பெற்றவர்களில் 4.3 வீதம் மட்டுமே. பழைய மருந்துதான், அளவு மட்டும்தான் வேறு!

பிறகு, ஓட்டம் நிற்காத அளவுக்கு மெதுவாக அமத்தும் முறை வந்தது. அண்மையில் ரிவரொக்சபான் குளிசையை வீட்டில் 7 நாள் கொடுத்தும் ஆராய்ந்திருக்கிறார்கள். அது கசிவைக் கூட்டக்கூடிய மருந்து. எல்லோருக்குமான வழக்கமாக இன்னும் மாறவில்லை. தானாக வாங்கிப் போடுகிற சாமானும் இல்லை.

கை நல்லாத்தானே இருக்கு, பிறகென்ன எண்டு கேட்கலாம். இதய நோயாளிக்கு அந்த வாசல் திரும்பவும் தேவைப்படலாம். பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு அதே நாடியை எடுக்க வேண்டி வரலாம். சிறுநீரகம் பழுதானால் இரத்தச் சுத்திகரிப்புக்கான இணைப்பையும் அதில்தான் போட நினைப்பார்கள்.

அதனால் வீட்டில் யாருக்காவது மணிக்கட்டு வழியாக அஞ்சியோகிராம் செய்தால், வெளிக்கிட முதல் வைத்தியரிடம் ஒரு கேள்வி கேளுங்கோ: "நாடி திறந்திருக்கா?"