எரர் காலத்துல என்ன எழுதுறது? பெரம்பலூர் லேப் வரைக்கும் வந்த சர்வோவின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு பெட்டியைப் பத்தி. பெரம்பலூர், அரியலூர் பக்கம் ட்ரிபிள் ஈ படிச்சவங்களுக்கு அது நல்லாத் தெரியும். ரெண்டு டயல், ஒரு கெயின் நாப், பல்சக்கரம் வெச்ச சின்ன டி.சி. மோட்டார். பேரு ‘பொசிஷன் கன்ட்ரோல் சிஸ்டம்’. அண்ணா பல்கலைக்கழகத்தோட 2013 பாடத்திட்டத்துல 5-வது செமஸ்டர் கன்ட்ரோல் லேப்ல இது ஒரு எக்ஸ்பெரிமென்ட்.

முதல் டயலை 90 டிகிரிக்குத் திருப்பினா, மோட்டார் சுத்தி ரெண்டாவது டயலையும் 90-க்குக் கொண்டு வரணும். ஒவ்வொரு டயலுக்குப் பின்னாடியும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கு. ஒண்ணு ‘எங்க போகணும்’னு சொல்லும், இன்னொண்ணு ‘இப்ப எங்க இருக்கோம்’னு சொல்லும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எரர். அதைப் பெருக்கி மோட்டாருக்குக் கொடுத்தா, எரர் குறையற பக்கம் மோட்டார் திரும்பும்.

ஆனா நிஜத்துல என்ன நடக்கும்? கெயின் கம்மியா இருந்தா 84-லயோ 85-லயோ நின்னுடும். எரர் சின்னதானதும் வோல்டேஜும் சின்னதாகிடும். உராய்வைத் தாண்டி நகர மோட்டாருக்குத் தெம்பு இருக்காது. கெயினை ரொம்ப ஏத்தினா 90-ஐத் தாண்டி ஓடி, திரும்பி வந்து, ஊஞ்சல் மாதிரி ஆடும். இதுக்கு ‘ஹன்டிங்’னு பேர். மொத்தப் பாடமே இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறதுதான்.

இந்தப் பாடத்தை முதல்ல யாருக்காக நடத்தினாங்க? அங்கதான் வரலாறு சுவாரசியமாகுது.

‘சர்வோ’ங்கிற சொல்லைப் பரப்பினவர் ஜோசப் ஃபார்கோ, பிரெஞ்சு இன்ஜினியர். நீராவியால கப்பல் சுக்கானைத் திருப்புற இயந்திரத்தைப் பத்தி 1873-ல ஒரு புத்தகமே எழுதினார். அவர் வெச்ச பேருக்கு அர்த்தம் ‘அடிமை மோட்டார்’. மாலுமி கை எவ்வளவு திரும்புதோ, சுக்கானும் அவ்வளவு திரும்பணும். 1914-ல திறந்த பனாமா கால்வாய்ல, மதகுக் கதவு எவ்வளவு திறந்திருக்குன்னு கன்ட்ரோல் ரூம் மேசையிலயே காட்டினாங்க. நம்ம லேப்ல ‘சின்க்ரோ டிரான்ஸ்மிட்டர் ரிசீவர்’னு ஒரு எக்ஸ்பெரிமென்ட் வருமே, அதோட மூதாதை அது.

1934-ல அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஹெரால்ட் ஹேசன் இதுக்கான கணக்கை ஒரு கட்டுரையா எழுதினார். 1940-ல அதே இடத்துல கார்டன் பிரவுன் சர்வோமெக்கானிசம்ஸ் லேபைத் தொடங்கினார். அவர்கிட்ட பாடம் கேட்க வந்தவங்க அமெரிக்கக் கடற்படை அதிகாரிகள். ஆடுற கப்பல்ல இருந்து, ஓடுற இலக்கைப் பீரங்கி குறி பார்க்கணும். அங்க ஒரு டிகிரி எரர்னா குண்டு எங்கயோ போய் விழும். அதனால எரர் எங்கிருந்து வருது, எப்படிக் குறைக்கிறதுங்கிறதுதான் பாடத்தோட மையம். போர் முடிஞ்சதும் இதெல்லாம் புத்தகமா வெளிவந்துச்சு. பிரவுனும் டொனால்ட் கேம்ப்பெல்லும் எழுதினது 1948-ல வந்தது. 1952-ல அந்த லேப்தான் எண்களால இயங்குற மில்லிங் மிஷினைச் செஞ்சு காட்டிச்சு. இன்னைக்கு ஓடுற சி.என்.சி. எல்லாம் அந்த வம்சம்.

நம்ம ஊருக்கும் ஒரு எம்.ஐ.டி. இருக்கு. 1949-ல சி. ராஜம் குரோம்பேட்டையில மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை ஆரம்பிச்சப்போ, அங்க இருந்த 4 படிப்புல ஒண்ணு இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜி. சுதந்திரம் வந்து ரெண்டே வருஷம்! 1975-ல நாக்ரத், கோபால் எழுதின கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் புத்தகம் வந்துச்சு. இந்திய மாணவர்கள் தலைமுறை தலைமுறையா அதை வெச்சுப் படிச்சாங்க. 2001-ல மாநிலம் முழுக்க இன்ஜினியரிங் காலேஜ்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ வந்துச்சு. நடுவுல பிரிஞ்சு 2012-ல திரும்ப ஒண்ணு சேர்ந்துச்சு. அப்படித்தான் அதே பாடம், அதே பெட்டி, சோளமும் பருத்தியும் விளையற பெரம்பலூர் வரைக்கும் வந்து சேர்ந்துச்சு.

வந்து சேர்ந்தப்போ ஒண்ணு தொலைஞ்சு போச்சுங்கிறது என் எண்ணம். நானும் இந்தப் பக்கம்தான் படிச்சேன். எங்க பேட்ச்ல கிட் ஒண்ணு, ஆள் ஆறு. ஒருத்தர் நாப் திருப்புவார், ஒருத்தர் ரீடிங் சொல்வார், மத்தவங்க எழுதுவாங்க. ரெக்கார்டுல எரர் காலத்துல எல்லாம் 0 அல்லது 1. 84-னு வந்த ரீடிங் ‘தப்பு’ன்னு கருதப்பட்டு, 89-ஆ மாறிடும். பாடத்தோட உயிரே அந்த 6 டிகிரிதான். அதைத்தான் ரப்பர் வெச்சு அழிக்கிறோம்.

இதனால யாருக்கு நஷ்டம்? அரியலூரைப் பாருங்க. 1979-ல இருந்து அங்க அரசு சிமெண்ட் ஆலை ஓடுது. சுத்தி தனியார் ஆலைகளும் இருக்கு. சூளைக்குக் காத்து இழுக்கிற ஃபேனுக்கு முன்னாடி டேம்பர்னு ஒரு தடுப்பு இருக்கும். கன்ட்ரோல் ரூம்ல 40 சதவீதம்னு கொடுத்தா, மோட்டார் அதை 40-க்குத் திறக்கணும். அந்த லேப் பெட்டியேதான், அளவு மட்டும் பெருசு. தூசி அடைச்சா அது 36-ல நிக்கும். கெயின் எகிறினா ஆடும். வீட்டுலயே முதல் ஆளா டிகிரி வாங்கின ஜெயங்கொண்டத்துப் பையனோ பொண்ணோ அங்க வேலைக்குப் போய் நிக்கும்போது, ‘ஏன் 36?’னு கேட்கத் தெரியணும். ரெக்கார்டு முழுக்க 0 பார்த்தவங்களுக்கு அந்தக் கேள்வியே வராது.

லேப் எடுக்கிற சார், மேடம் யாராவது கேட்டுட்டு இருந்தா ஒரு வேண்டுகோள். எரர் 0 வந்த ரெக்கார்டுக்கு முழு மார்க் போடுறதுக்கு முன்னாடி, ‘கெயினைக் குறைச்சா என்ன ஆச்சு, ஏத்தினா என்ன ஆச்சு?’னு வைவால கேளுங்க. ஸ்டூடண்ட்ஸுக்கு: பழைய பிரிண்டர்ல இருந்து கழட்டின ஒரு டி.சி. மோட்டார், ரெண்டு பொட்டென்ஷியோமீட்டர், ஒரு மோட்டார் டிரைவர், ஒரு ஆர்டுயினோ இருந்தா ஹாஸ்டல் ரூம்லயே இந்தப் பெட்டியைக் கட்டிடலாம். அது ஆடட்டும், பாதியில நிக்கட்டும். ஏன்னு நீங்களே கண்டுபிடிங்க.